சேர்விஸ் பில் வந்தது, சேர்விஸ் வந்ததா?

2020 மார்ச் மாதத்தில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரி முதலாம் திகதியே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட ஏறத்தாழ ஐந்து வருடங்களும் எமது வர்த்தகர்கள் பழைய வாகனங்களையே தட்டிக்கொட்டி ஓட்டி வந்தார்கள். பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய வாகனத்துக்கு, அது புதிதாக வந்தபோது இருந்ததை விடக் கூடுதலான விலை சொன்ன விசித்திரமான காலம் அது. கதவு திறந்ததும், வரிக்கு மேல் வரி கட்டியாவது புதிய வாகனமொன்றை எடுத்துவிட வேண்டும் என்று முன்வந்தவர்களில் மலையக வர்த்தகர்களும் கணிசமானோர். அடியேனும் அவர்களில் ஒருவன்.

வாகனம் எடுக்கும்போது நாம் எத்தனை கேள்வி கேட்கிறோம்! விலை என்ன, முற்பணம் எவ்வளவு, மாதத் தவணை எவ்வளவு, நிறம் என்ன, டயர் என்ன கம்பனி, பின்னால் எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்றெல்லாம் துருவித் துருவிக் கேட்கிறோம். ஆனால் அடுத்த மூன்று வருடங்களுக்கு அந்த வாகனத்தை யார், எப்படி, எந்தக் கையால் பராமரிக்கப் போகிறார்கள் என்று ஒரு கேள்வியும் கேட்பதில்லை. "ஏஜென்ட் கம்பனியிலேயே சேர்விஸ்" என்று விற்பனையாளர் சொன்னதும் மனம் நிம்மதியாகி விடுகிறது. அந்த நிம்மதிக்கு என்ன விலை என்பதைத்தான் இவ்வாரம் எழுதலாம் என்றிருக்கிறேன்.

மலைப்பாதை கேட்பது வேறு

கொழும்பில் போர்வீல் வாகனம் வைத்திருப்பவரில் பலருக்கு அது அந்தஸ்து. ஹட்டனிலிருந்து நோர்வூட், பொகவந்தலாவை, மஸ்கெலியா, அக்கரபத்தனைப் பக்கத்துத் தோட்டக் கடைகளுக்கு மாவும் சீனியும் பருப்பும் கொண்டுபோய்ப் போடும் எனக்கு அது தொழில். வெள்ளைக்காரன் காலத்தில் கொழுந்து ஏற்றவும் துரையின் குதிரை போகவும் வெட்டிய பாதைகளில்தான் இன்றும் லயங்களுக்குப் போக வேண்டியிருக்கிறது. 1992இல் தோட்ட நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் போனது. தோட்டத்துக்குள் இருக்கும் பாதையைச் செப்பனிடுவது கம்பனியா, பிரதேச சபையா என்ற இழுபறி வருடக்கணக்காக நீடித்தது. பிரதேச சபைகள் தோட்டங்களுக்குள் செலவு செய்ய வழிவிட்டுச் சட்டம் திருத்தப்பட்டதே 2018இல்தான். சட்டம் திருந்திய அளவுக்குப் பாதை திருந்தவில்லை. போதாக்குறைக்கு 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் மண்சரிவில் எத்தனையோ பாதைகளை விழுங்கிவிட்டுப் போனது. அந்த வாரங்களில் போர்வீல் இல்லாதவன் கடையைப் பூட்டிவிட்டு வீட்டில் இருக்க வேண்டியதாயிற்று.

1948இல் லேண்ட் ரோவர் சந்தைக்கு வந்த பிறகு எமது தோட்டங்களிலும் துரைமார் அதைத்தான் ஓட்டினார்கள். பழுதானால் தொழிற்சாலையோடு ஒட்டிய வேர்க்‌ஷொப்பில், தேயிலை ரோலரைத் திருத்தும் அதே ஆள் அதையும் திருத்துவார். ஸ்பெனர் இரண்டும் சுத்தியல் ஒன்றும் போதும். இன்றைய வாகனம் அப்படியல்ல. அதற்குள் கணினி இருக்கிறது, சென்சர் இருக்கிறது, புகையை வடிகட்டும் பில்டர் இருக்கிறது. எனவே ஏஜென்டை விட்டால் வேறு வழியில்லை என்ற நிலைக்கு நாம் வந்திருக்கிறோம். வேறு வழியில்லாத வாடிக்கையாளரை எப்படி நடத்துவார்கள் என்பதை வர்த்தகர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

மலைநாட்டில் பிரேக் என்பது சில்லறை விடயமல்ல. ஹட்டனிலிருந்து கினிகத்தேனை வழியாக அவிசாவளைக்குப் போகும்போது ஆயிரம் மீற்றருக்கும் அதிகமாகக் கீழே இறங்குகிறோம். நுவரெலியாவோ கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. பாரத்தோடு றம்பொடைப் பக்கமாக இறங்கும் வாகனத்தின் பிரேக் டிரம்மில் தண்ணீர் தெளித்தால் ஆவி பறக்கும். பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. ஈரம் ஏறிய ஒயில் அந்தச் சூட்டில் கொதித்தால் குமிழி உண்டாகி, மிதியை எவ்வளவு மிதித்தாலும் கால் தரையைத் தொடுமே தவிர வண்டி நிற்காது. 2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா ரதல்லையில் நடந்ததை நம் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டோம். மாணவர்கள் சுற்றுலா வந்த பஸ், இறக்கத்தில் வேனொன்றுடனும் முச்சக்கர வண்டியொன்றுடனும் மோதியது. நம் பகுதி முஸ்லிம் குடும்பமொன்றும் அந்த வேனில் இருந்தது. மொத்தம் ஏழு உயிர்கள். அல்லாஹ் அவர்களைப் பொருந்திக்கொள்வானாக. பஸ்ஸின் பிரேக் பற்றியே அன்று ஊர் முழுக்கப் பேசினோம்.

பில்லில் இருந்ததும் வண்டியில் இருந்ததும்

இனி எனது விடயத்துக்கு வருகிறேன். கம்பனியின் பெயர் வேண்டாம். எமது நோக்கம் யாரையும் தூற்றுவதல்ல. தவிரவும், இதே கதையை வேறு கம்பனியின் வாகனம் வைத்திருப்பவர்களும் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

2025 நடுப்பகுதியில் எடுத்த போர்வீல் டபிள் கெப் அது. புயலுக்குப் பின் 10,000 கிலோமீற்றர் சேர்விஸுக்காக ஏஜென்டின் கிளைக்குக் கொண்டுபோனேன். சுபஹு தொழுதுவிட்டுப் புறப்பட்டால்தான் கிளை திறக்கும் நேரத்துக்குப் போய்ச் சேரலாம். அன்றைய வியாபாரம் போயிற்று என்று வைத்துக்கொள்ள வேண்டும்.

வாகனத்தோடு வரும் கைநூலில் இரண்டு அட்டவணை இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஒன்று சாதாரணப் பாவனைக்கு. மற்றையது கடினமான பாவனைக்கு. சேறு, தூசி, நீர் கடத்தல், மலை ஏற்றம், பாரம் இழுத்தல் இவையெல்லாம் இரண்டாவதில் வரும். அதன்படி ஒயில் மாற்றும் இடைவெளி குறையும், பார்க்க வேண்டிய இடங்கள் கூடும். நான் இரண்டாவது அட்டவணைப்படி செய்யுங்கள் என்று கேட்டு, அதற்குரிய கூடுதல் பணத்துக்கும் சம்மதித்தேன். வாப்பா லொறி வைத்திருந்த காலத்திலிருந்தே வண்டியை வேறொருவன் கையில் கொடுக்கும் முன் அடியில் குனிந்து பார்ப்பது எங்கள் வீட்டுப் பழக்கம். இப்போது கைத்தொலைபேசி இருப்பதால் புகைப்படமும் எடுத்து வைத்துக்கொள்கிறேன். அன்றும் எடுத்தேன்.

வாகனத்தை ஒப்படைத்ததும் எங்களைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்தார்கள். குளிரூட்டி, தொலைக்காட்சி, தேநீர் எல்லாம் உண்டு. வேலை நடக்கும் இடம் மட்டும் தெரியாது. பகல் ஒரு மணிக்கு வாகனத்தைக் கழுவி மினுமினுவென்று கொண்டுவந்து நிறுத்தினார்கள். பில் 48,000 ரூபாவுக்கு மேல். இஞ்சின் ஒயில், ஒயில் பில்டர், எயார் பில்டர் சுத்தம் செய்தது, முன் பின் டிபரன்சியல் ஒயில் மாற்றியது, பின் பிரேக் டிரம் கழற்றிச் சுத்தம் செய்து சரிபார்த்தது, புரொபெலர் ஷாப்டுக்குக் கிரீஸ் அடித்தது, டயர் இடம் மாற்றியது என்று வரிசையாக அச்சிட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே சரி அடையாளம் போட்டிருந்தது.

மறுநாள் ஹட்டனில் எங்கள் கராஜ் பாஸிடம் அடியில் மட்டும் பார்க்கச் சொன்னேன். எதையும் கழற்ற வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். அவர் இடது பின் டயருக்குக் கை வைத்ததுமே நிமிர்ந்து பார்த்தார்.

"முதலாளி, இந்த ரெண்டு நட்டையும் கையாலேயே கழட்டலாம் போல இருக்கே."

ஆறு நட்டில் இரண்டு நட் இறுக்கப்படவே இல்லை. அந்த டயரோடுதான் முதல் நாள் அத்தனை வளைவும் ஏறி வீட்டுக்கு வந்திருக்கிறோம். பின் டிபரன்சியலின் ஒயில் ஊற்றும் மூடியில் தொழிற்சாலையில் போட்ட வர்ணக் கோடு வெட்டுப்படாமல் அப்படியே இருந்தது. முதல் நாள் நான் எடுத்த படத்திலும் இன்றைய படத்திலும் கோடு ஒன்றுதான். அந்த மூடியைத் திறக்காமல் ஒயில் மாற்ற ஜின்னால்தான் முடியும். கிரீஸ் நிப்பளின் வாயில் காய்ந்த சேறு கட்டி தட்டியிருந்தது. எயார் பில்டர் பெட்டியைத் திறந்தால் உள்ளே செம்மண் தூசியும் இரண்டு சவுக்கு இலையும் கிடந்தன. இஞ்சின் ஒயில் மட்டும் மாற்றியிருந்தார்கள். அதுவும் அளவுகோலின் மேல் கோட்டைத் தாண்டி ஊற்றியிருந்தார்கள். ஒயில் கூடினால் நல்லதுதானே என்று சிலர் நினைக்கலாம். கூடிய ஒயில் நுரைக்கும், நுரைத்த ஒயில் வழுக்காது, சீல்களைத் தள்ளிக்கொண்டு கசியும்.

பில்லும் வாகனமும் இரண்டு வெவ்வேறு கதை சொல்லின.

இதில் எனக்கு மிகவும் பாரதூரமாகப் பட்டது பணம் அல்ல. அந்தச் சரி அடையாளங்கள்தான். 10,000இல் "பின் டிபரன்சியல் ஒயில் மாற்றப்பட்டது, பிரேக் சரிபார்க்கப்பட்டது" என்று கம்பனியின் பதிவேட்டில் ஏறிவிட்டது. நாளை 18,000இல் பெயரிங் உடைந்தால் அவர்கள் என்ன சொல்வார்கள்? "நாங்கள் பார்த்தபோது நன்றாகத்தான் இருந்தது. நீங்கள் தண்ணீருக்குள் இறக்கியிருக்கிறீர்கள். இது பாவனையாளரின் தவறு, வொரன்டியில் வராது." செய்யாத சேர்விஸ் ஒன்று, பதிவேட்டில் நமக்கே எதிரான சாட்சியாக மாறிவிடுகிறது. போர்வீல் வாகனம் வைத்திருப்பவருக்கு இந்த ஆபத்து இரட்டிப்பு. "காட்டுப் பாதையில் ஓட்டினான்" என்று சொல்லிவிடுவது அவர்களுக்கு மிக எளிது. காட்டுப் பாதையில் ஓடும் என்று விளம்பரம் செய்து விற்றதும் அவர்களே என்பது வேறு கதை.

"வொரன்டி போய்விடும்" என்ற பயம்

தொலைபேசியில் முதலில் பேசினேன். சேர்விஸ் ஆலோசகர் மிக மரியாதையாகப் பேசினார். "சேர், கொண்டு வாருங்கள், இலவசமாகப் பார்த்துத் தருகிறோம்" என்றார். எழுத்தில் தாருங்கள் என்றதும் குரல் மாறியது. வெளிக் கராஜில் கை வைத்திருந்தால் வொரன்டி ரத்தாகும் என்றார். பாஸைக் கழற்ற வேண்டாம் என்று நான் தடுத்ததற்குக் காரணம் இதுதான். அவர் செய்தது தளர்ந்த நட்டை இறுக்கியது மட்டுமே. மற்ற எல்லாம் படத்தில் இருந்தன, வண்டி இருந்தபடியே இருந்தது.

இந்த வொரன்டிப் பயத்தால்தான் எம்மில் பலர் வாய் மூடி இருக்கிறார்கள். ஆனால் சட்டம் நாம் நினைப்பதைவிட நமக்குச் சாதகமாக இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 32ஆம் பிரிவு, பணத்துக்குச் செய்து தரப்படும் எந்தச் சேவையும் உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்யப்பட வேண்டும் என்ற உத்தரவாதத்தை ஒப்பந்தத்தில் எழுதாவிட்டாலும் எழுதியதாகவே கொள்கிறது. வொரன்டிப் புத்தகத்தில் கம்பனி பொடி எழுத்தில் என்ன அச்சிட்டிருந்தாலும் இது அதற்கு வெளியே நிற்கும் கடமை. 13ஆம் பிரிவின் கீழ் அதிகார சபைக்கு முறையிடலாம். விசாரணையின் பின் நட்டஈடு கொடுக்கும்படியோ பணத்தைத் திருப்பும்படியோ உத்தரவிட அவர்களுக்கு அதிகாரம் உண்டு. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும், சேவை பெற்ற நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் போய்ச் சேர வேண்டும். "பார்ப்போம், செய்வோம்" என்று கிளை இழுத்தடிப்பதில் அந்த மூன்று மாதம் கரைந்துவிடும்.

வியாபார வாகனத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று ஒரு நண்பர் என்னிடம் வாதிட்டார். அவர் இந்தியச் சட்டத்தை மனதில் வைத்துப் பேசினார். அங்கே வணிக நோக்கத்துக்காக வாங்கியவர், சொந்தப் பிழைப்புக்காக வாங்கியவராக இருந்தாலொழிய, நுகர்வோர் கணக்கில் வரமாட்டார். எமது சட்டம் பாவனையாளர் என்பவரை, பணம் கொடுத்துப் பெறும் பொருளையோ சேவையையோ பயன்படுத்துபவர் என்றுதான் பார்க்கிறது.

இந்தியாவைப் பற்றிச் சொன்னதால் இரண்டு தீர்ப்புகளையும் சொல்லிவிடுகிறேன். 2006இல் மாருதி உத்யோக் கம்பனிக்கும் சுஷீல் குமார் கப்கோத்ரா என்பவருக்கும் இடையிலான வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம், பழுதான பாகத்தைத் திருத்தவோ மாற்றவோதான் வொரன்டி இருக்கும்போது முழு வாகனத்தையும் மாற்றித்தர உத்தரவிட முடியாது என்றது. எனவே "புது வண்டி தா" என்று சத்தம் போடுவதில் பயன் குறைவு. எந்தப் பாகம், எந்த வேலை என்று குறிப்பாகக் கேட்பவருக்கே பலன் கிடைக்கும். 2021இல் டாட்டா மோட்டர்ஸுக்கும் கோவாவைச் சேர்ந்த அந்தோனியோ பாவ்லோ வாஸ் என்பவருக்கும் இடையிலான வழக்கு இன்னும் சுவையானது. 2011ஆம் வருட மொடலுக்குப் பணம் கட்டியவருக்கு, 2009இல் தயாரித்து ஏற்கெனவே 622 கிலோமீற்றர் ஓடிய வாகனத்தை விற்பனையாளர் தள்ளிவிட்டார். அடிப்பாகம் துருப்பிடித்திருந்தது. விற்பனையாளர் செய்ததற்குத் தயாரிப்பாளர், தனக்கு அது தெரியும் என்று நிரூபிக்கப்பட்டாலன்றிப் பொறுப்பில்லை என்று உச்ச நீதிமன்றம் டாட்டாவை விடுவித்தது. விற்பனையாளரின் பொறுப்பு அப்படியே நின்றது. யாரிடம் பணம் கொடுத்தோமோ அவர் பெயருக்குத்தான் கடிதம் போக வேண்டும் என்பதற்காக இதைச் சொல்கிறேன். ஜப்பானுக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டு மூன்று மாதத்தையும் கடத்துபவர்கள் இருக்கிறார்கள்.

கடிதம் எழுதியது

கோபமாக ஒரு வரியும் எழுதவில்லை. வாகன இலக்கம், ஜொப் கார்ட் இலக்கம், திகதி, மீற்றர் கணக்கு. பில்லில் உள்ள வேலை ஒரு பக்கம், அதற்கு எதிரே நான் கண்டது, அதன் எதிரே படத்தின் இலக்கம். கணக்குப்பிள்ளை லெட்ஜர் எழுதுவது போல. கீழே நான் கேட்டவை: இந்த வேலைகள் யாவும் என் கண்முன்னே மீண்டும் செய்யப்பட வேண்டும், செய்யாத வேலைக்கு வாங்கிய பணம் திரும்ப வேண்டும், சேர்விஸ் புத்தகத்தில் திருத்திய பதிவு ஏற வேண்டும். பதினான்கு நாள் அவகாசம். தவறினால் 13ஆம் பிரிவின் கீழ் முறையிடுவேன் என்று ஒரு வரி. கிளை முகாமையாளருக்கும் தலைமை அலுவலகத்துக்கும் பதிவுத் தபாலில் போட்டேன். ஒரு பிரதி லீசிங் கம்பனிக்கும் போனது. லீசிங்கில் உள்ள வாகனத்தின் பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளராக இருப்பது அவர்கள்தான். அவர்களுடைய சொத்தை ஒருவன் பாழாக்குகிறான் என்பதை அவர்களும் அறிந்திருக்க வேண்டும். இஜாரா முறையில் எடுத்தவர்கள் இதை இன்னும் கவனிக்க வேண்டும். அன்றாடப் பராமரிப்பு எடுத்தவருடையது என்றாலும், பாரிய திருத்தங்கள் உரிமையாளரான வங்கியின் பொறுப்பு என்பதே அம்முறையின் பொதுவான விதி.

ஒன்பதாம் நாள் தலைமை அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது.

இம்முறை கண்ணாடி அறை இல்லை. மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நின்று பார்க்க அனுமதித்தார்கள். பின் டிபரன்சியலின் மூடியைத் திறந்ததும் கொட்டிய ஒயில் பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தது. தண்ணீர் கலந்திருக்கிறது. புயல் நாட்களில் ஓடை கடந்தபோது மூச்சுக்குழாய் வழியாகப் போயிருக்க வேண்டும். சூடான டிபரன்சியல் குளிர்ந்த நீரில் இறங்கும்போது உள்ளிருக்கும் காற்றுச் சுருங்கி நீரை இழுக்கும். நீர் கடத்தியபின் ஒயிலைப் பாருங்கள் என்று கைநூல் சொல்வது இதனால்தான். அந்த ஒயிலோடு இன்னும் சில ஆயிரம் கிலோமீற்றர் ஓடியிருந்தால் பெயரிங்கும் பற்சக்கரமும் போயிருக்கும். பின் பிரேக் டிரம்மைக் கழற்றியபோது மண் கொட்டியது. ஒரு பக்க லைனிங் கண்ணாடி மாதிரி மினுங்கியது. அந்த லைனிங்கோடு பாரம் ஏற்றி இறக்கத்தில் போவதை நினைத்தால் உடம்பு கூசுகிறது. சாரதியும் வீட்டில் பிள்ளை குட்டி உள்ளவர்.

வேலை செய்த பையனைப் பார்க்கப் பரிதாபமாகவும் இருந்தது. ஒரு நாளைக்கு எட்டு வாகனம் முடிக்க வேண்டும், ஆள் போதாது என்றான். 2022இல் மட்டும் மூன்று இலட்சத்துக்கும் அதிகமானோர் வேலைக்காக நாட்டை விட்டுப் போனார்கள். கைத்தொழில் தெரிந்தவர்கள் கட்டாரிலும் சவூதியிலும் இருக்கிறார்கள். இங்கே எஞ்சியவன் தலையில் எட்டு வாகனம். பிழை அவனிடம் மட்டும் இல்லை. நேரத்தை எண்ணி, வேலையை எண்ணாத முகாமைத்துவத்திடமும் இருக்கிறது. முதலில் அவனைத்தான் வேலையை விட்டு நிறுத்தப் போவதாகச் சொன்னார்கள். எனக்கு அது வேண்டாம், ஒரு ஆள் செய்த வேலையை இன்னொரு ஆள் பார்த்துக் கையொப்பமிடும் முறையைக் கொண்டுவாருங்கள் என்று சொன்னேன்.

செய்யாத வேலைகளுக்கான பணத்தைத் திருப்பித் தந்தார்கள். சேர்விஸ் புத்தகத்தில் புதிய திகதியுடன் பதிவு ஏறியது. தவறு நடந்தது என்று மட்டும் கடைசி வரை எழுதித் தரவில்லை. "வாடிக்கையாளரின் திருப்தியை முன்னிட்டு" என்று எழுதித் தந்தார்கள். எனக்குத் தேவையானது அந்தத் திகதியும் பதிவும்தான் என்பதால் விட்டுவிட்டேன்.

நபி (ஸல்) அவர்கள் சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்டு விற்பவரைக் கண்டித்த சம்பவம் ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. ஜும்ஆ பயான்களில் இதைப் பலமுறை கேட்டிருக்கிறோம். அளவை நிறுவையில் மோசடி செய்வோருக்கென்றே குர்ஆனில் ஒரு சூரா, 83ஆவது, இருக்கிறது. குறை மறைத்து விற்ற பொருளைத் திருப்பிக் கொடுக்க வாங்கியவருக்கு உரிமை உண்டு என்பதை எமது பிக்ஹு நூல்கள் கியாருல் அய்ப் என்ற தலைப்பில் விரிவாகப் பேசுகின்றன. கூலி வாங்கிக்கொண்டு செய்யாத வேலைக்குச் சரி அடையாளம் போடுவது ஈரத்தின் மேல் காய்ந்த தானியத்தைத் தூவுவதுதான். ஆகவே குறையை எடுத்துச் சொல்லி உரிமையைக் கேட்பதை வம்புக்குப் போவதாக யாரும் நினைக்கத் தேவையில்லை. (பருப்பு மூட்டையின் வாயில் நல்லதை வைத்து அடியில் பழையதைக் கலக்கும் நம்மவர் சிலரும் இந்தப் பந்தியை இன்னொரு முறை வாசிக்கலாம்.)

இன்னும் சில சின்ன விடயங்கள். வாகனத்தை ஒப்படைக்கும்போதே ஜொப் கார்டில் என்னென்ன வேலை என்று எழுதச் சொல்லிப் பிரதி வாங்கிக்கொள்ளுங்கள். மாற்றிய பழைய பில்டரைக் கையில் கேளுங்கள். ஒயில் ஊற்றும், வடிக்கும் மூடிகளில் சிறு வர்ணக் கோடு போட்டுவைத்தால் திறந்தார்களா இல்லையா என்று பிறகு தெரிந்துவிடும். டயர் கழற்றியிருந்தால் நட்டை டோர்க் ரென்ச்சில் இறுக்கினார்களா என்று வாசலிலேயே கேளுங்கள், நூறு கிலோமீற்றர் ஓடியபின் மீண்டும் ஒருமுறை பாருங்கள். போர்வீலைத் தேவைப்படும்போது மட்டும் போடாமல் மாதம் ஒரு தடவையாவது ஈரப் பாதையில் சில கிலோமீற்றர் போட்டு ஓட்டுங்கள், இல்லாவிட்டால் முன் பக்கப் பாகங்களுக்கு ஒயில் போய்ச்சேராது. பெரிய கம்பனியோடு தனியாக மோதத் தயங்குபவர்கள் நுவரெலியா மாவட்டச் செயலகத்தில் இருக்கும் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை அலுவலகத்தில் கேட்டுப் பார்க்கலாம், 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கவும் செய்யலாம்.

எனது கடிதத்தின் பிரதியை ஹட்டன் பஸாரில் இரண்டு மூன்று பேர் வாங்கிப் போனார்கள். அவர்களில் இருவருடைய வாகனத்திலும் அதே வர்ணக் கோடு வெட்டுப்படாமல் இருந்திருக்கிறது. இப்போது அதே ஏஜென்டிடம் வாகனம் எடுத்த பதினொரு பேர், தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் எல்லோரும் சேர்ந்து, மாதம் ஒரு நாள் ஹட்டனிலேயே சேர்விஸ் முகாம் வைக்கும்படியும், வேலை நடக்கும்போது வாகனச் சொந்தக்காரர் பக்கத்தில் நிற்க அனுமதிக்கும்படியும் கேட்டு எழுதியிருக்கிறோம். முதல் கோரிக்கைக்குச் சம்மதம் வந்திருக்கிறது. இரண்டாவதை "பரிசீலிக்கிறோம்" என்கிறார்கள். முகாமுக்கு நாங்கள் எல்லோரும் ஒவ்வொரு முக்காலி எடுத்துக்கொண்டு போவதாக இருக்கிறோம்.